சாமி அறைக்குக் கீழே ஒரு குழாய்

கக்கூஸைப் பற்றி எழுத வெளிக்கிட்டிருக்கிறாள், வேறு விஷயம் கிடைக்கவில்லையாக்கும் என்று முகம் சுளிக்கிறவர்கள் சுளிக்கட்டும். தங்கள் வீட்டில் கக்கூஸ் அடைத்துக்கொண்ட அன்றைக்கு அவர்களும் வேறு எதைப் பற்றியும் யோசிக்கமாட்டார்கள். மானிப்பாயில் நாங்கள் இருக்கிற இந்தப் பழைய வாடகை வீட்டுக்கு வந்த புதிதில் எனக்கு அதே யோசனைதான். சமைக்கும்போதும் அது, தையல் மெஷினில் இருக்கும்போதும் அது, ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் கண்ணை மூடினால் அப்போதும் அதுதான்.

இந்த வீட்டை நாங்கள் எடுத்ததே கக்கூஸுக்காகத்தான். என் கணவர் வல்வெட்டித்துறைப் பக்கம் மினிபஸ் ஓடியவர். சீனி வருத்தம் முற்றி, காலில் வந்த ஒரு சின்னப் புண் ஆறாமல், கடைசியில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அப்போது நாங்கள் இருந்த வீட்டில் கக்கூஸ் வளவின் கோடியில் இருந்தது. படி இறங்கி மணலில் போகவேண்டும். சில்லுக் கதிரை மணலில் புதையும். அதனால் ஆஸ்பத்திரியில் தந்த சட்டியைக் கட்டிலில் வைத்துத்தான் எல்லாம். நான் சட்டியோடு போனால் இவர் துவாயை எடுத்து முகத்தை மூடிக்கொள்வார். றோட்டில் எவனுக்கும் வழி விடாமல் சத்தம் போட்டு பஸ் ஓடிய மனிசன். எனக்கு அருவருப்பு ஒன்றும் இல்லையென்று எத்தனை தரம் சொன்னாலும், "நீர் கதையாதையும்" என்பார். துவாய்க்குள் அழுகிறார் என்று எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்தேன்.

இந்த வீட்டைப் பார்க்க வந்தபோது கூரை ஒழுகுமா, கிணற்றுத் தண்ணீர் உப்பா என்று நான் கேட்கவே இல்லை. விறாந்தையிலிருந்து நேரே உள்ளே தள்ளிக்கொண்டு போகலாம், படி கிடையாது. ஹோலுக்குப் பக்கத்திலேயே குளியலறை. கதவு அகலம். உள்ளே கொமட், பக்கத்தில் பிடித்து எழும்பச் சுவரில் ஓர் இரும்புக் கம்பி. வீட்டுக்காரியின் தகப்பன், நடக்கமுடியாமல் போன தன் தாய்க்காக அந்தக் காலத்திலேயே கட்டுவித்தது என்றார்கள். குடிவந்த அன்று இவர் தானே கதிரையை உருட்டிக்கொண்டு உள்ளே போனார். தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது. நான் குசினிக்குள் போய், பெட்டி கட்டி வந்த பாத்திரங்களுக்கு நடுவில் இருந்து ஒரு பாட்டம் அழுதேன். பிறகு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு எழும்பி உலை வைத்தேன்.

வெளிநாட்டுக்காரரின் வீட்டில் வாடகைக்கு இருந்தவர்களுக்குத் தெரியும், எந்த வீட்டிலும் ஓர் அறை பூட்டிக் கிடக்கும். வீட்டுக்காரரின் சாமான்கள் உள்ளே, திறப்பு கனடாவிலோ லண்டனிலோ. இந்த வீட்டில் பூட்டிக் கிடந்தது சாமி அறை. வீட்டின் பின்மூலையில், ஹோலிலிருந்து கதவு. வீட்டுக்காரி கனடாவில். என்னைவிடச் சில வயது குறைந்தவர். சைவக் குடும்பம். நாங்கள் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து வளர்ந்த வேதக்காரர். "நீங்கள் அமைதியான ஆக்கள் எண்டு சொன்னவை, அதுதான் தாறன்" என்று முதல் நாளே ஃபோனில் சொன்னார். என்னை அமைதியான ஆள் என்று சொன்னது ஆர் என்று இன்றுவரைக்கும் தெரியவில்லை. அடுத்த வசனம், "சாமி அறைப் பக்கம் மச்சம் மாத்திரம் கொண்டு போகாதேங்கோ அக்கா." கையில் மீன் சட்டியோடு அந்தக் கதவைச் சுற்றி நடப்பதுதான் எங்களுக்குத் தொழில் என்று நினைத்தாராக்கும். ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டேன். வீடு வேண்டுமே.

வந்த சில மாதத்தில் முதல் தரம் அடைத்தது. வாளித் தண்ணீரை ஊற்ற, அது இறங்காமல் விளிம்பு வரைக்கும் ஏறி வந்து நின்றது. குளிக்கிற இடத்து ஓட்டைக்குள் குளுக் குளுக் என்று சத்தம். ஆளைப் பிடித்து, நீட்டுக் கம்பி விட்டு இடித்து, அசிட் ஊற்றி, ஒருவழியாக ஓடப் பண்ணினோம். சில கிழமை நல்லது. பிறகு பழையபடி. கக்கூஸ் குழி நிறைந்துவிட்டது என்றார்கள். குழி இறைக்கிற பவுசர் லொறியைக் கூப்பிட்டுக் குழியைத் திறந்தால் அது பாதிகூட நிறையவில்லை. பக்கத்து வீட்டுக்காரி அப்பச்சோடா போடச் சொன்னார். சபையில் ஒருவர் கொதிதண்ணீர் ஊற்றச் சொன்னார். ஊரில் உள்ள அத்தனை பேரும் இந்த விஷயத்தில் பண்டிதர்கள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

வீட்டுக்காரிக்கு ஃபோன் எடுத்தால் ஒரே பாட்டு.

"எங்கடை காலத்திலை ஒருநாளும் அடைக்கேல்லை அக்கா. நீங்கள் என்ன போடுறியள் அதுக்குள்ளை?"

"என்னத்தைப் போடுறது? எல்லாரும் போடுறதைத்தான் நாங்களும் போடுறம்!"

இவர் பக்கத்திலிருந்து கையைக் காட்டினார், வாயை அடக்கும் என்று. எனக்கு அடங்குகிற வாயா?

ஆனாலும் ஒன்று, பிழை எங்களிடம் இருக்கக்கூடாது என்று நான் பிடிவாதமாகச் சில வேலைகள் செய்தேன். சனிக்கிழமைகளில் இவருக்கு நல்லெண்ணெய் தேய்த்து, அரப்பு வைத்து முழுகவார்க்கிறது அந்தக் குளியலறைக்குள்தான். சீயாக்காய், வெந்தயம், எலுமிச்சங்காய் எல்லாம் சேர்த்து அவித்து அரைத்த கூழ் அது. எண்ணெயும் அரப்பும் உதிர்ந்த மயிரும் ஒன்றாகப் போனால் குழாய் என்ன செய்யும்? எங்கள் ஆட்கள் காலங்காலமாகக் கிணற்றடியில் முழுகினவர்கள். அந்தத் தண்ணீர் வாழைக்குப் போகும். வீட்டுக்குள்ளே பைப் வந்ததும் முழுக்கையும் உள்ளே கொண்டுவந்துவிட்டோம். நான் சனி முழுக்கைத் திரும்பவும் கிணற்றடிக்கு மாற்றினேன். கதிரை போகிற மாதிரிப் பழைய பலகைகளை நிலத்தில் போட்டேன். குசினித் தண்ணீரும் அந்தக் குழாயில்தான் விழுந்துகொண்டிருந்தது. ஒடியல் பிட்டு அவிக்கிற நாட்களில் கசப்புப் போகப் பனங்கிழங்கு மாவை ஊறப்போட்டுத் தண்ணீரை வடித்து வடித்து ஊற்றுவோம். அந்த மா அடியில் போய்ப் படிந்தால் களி. குசினிக் குழாயை வெட்டித் தனியாக வாழைப் பாத்திக்கு விட்டேன். குளிக்கிற ஓட்டைக்கு நெருக்கமான வலை வைத்தேன். அசிட் போத்தலைத் தூக்கி எறிந்தேன்.

பலன் இல்லையென்று சொல்லக்கூடாது. அடைப்பு வருவது தள்ளித் தள்ளிப் போனது. ஆனால் வந்தது. வருகிறபோது ஆறுதலான நேரம் பார்த்து வருமா, விருந்தாட்கள் வந்து நிற்கும்போது வரும், கோதாரி.

எனக்கு எரிச்சல்தான். இவருக்கு அது எரிச்சல் இல்லை, பயம். அடைத்த நாட்களில் திரும்பவும் அந்தச் சட்டி. திரும்பவும் துவாய். அடைக்காத நாட்களிலும் இன்றைக்கு அடைக்குமோ என்ற யோசனை. இவர் மெல்ல மெல்லச் சாப்பாட்டைக் குறைத்தார். பிறகு தண்ணீரைக் குறைத்தார். காலைத் தேத்தண்ணீரில் பாதியை யன்னலால் ஊற்றுகிறார் என்று எனக்குக் கனநாள் தெரியாது. யன்னலுக்குக் கீழே எறும்பும் வராது, சீனி போடாத தேத்தண்ணீர்தானே. ஒருநாள் குளிர்காய்ச்சலோடு நடுங்கிக்கொண்டு கிடந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினேன். சலத்தில் கிருமி. கிட்னியும் களைத்துப்போயிருக்கிறது என்றார் டொக்டர்.

"ஏன் அம்மா, இவர் தண்ணி குடிக்கிறேல்லையோ?"

நான் இவரைப் பார்த்தேன். இவர் விட்டத்தைப் பார்த்தார்.

"காலை எடுத்தாச்சு. கிட்னியும் போச்சுதெண்டால் பேந்து நான் ஒண்டும் செய்யேலாது. தண்ணி குடிக்கவேணும், விளங்குதோ?"

வீட்டுக்கு வந்தும் குடிக்கவில்லை. கெஞ்சினேன், பேசினேன், செம்பைக் கையில் திணித்தேன். ஒரு மிடறு விழுங்கிவிட்டு வைத்துவிடுவார். வேறு வீடு தேடினேன். மானிப்பாய், சண்டிலிப்பாய், அங்காலே எல்லாம் போய்ப் பார்த்தேன். ஒன்றில் படி, ஒன்றில் குந்துகிற கக்கூஸ், ஒன்றில் கதவுக்குள் கதிரை போகாது. அந்த நாட்களில் நான் கர்த்தரோடு கதைத்த கதையை இங்கே எழுதமுடியாது.

அடுத்த தரம் அடைத்தபோது மேசன் ஒருவரைக் கூட்டிவந்தேன். அவர் குழிப் பக்கமிருந்து கம்பியை விட்டு இடித்தார். நான் வெளியே அவருக்கு உதவியாக நிற்கிறேன், உள்ளேயிருந்து இவர் கூப்பிடுகிற சத்தம்.

"இஞ்சாரும்! கெதியா வாரும்!"

ஓடிப்போனேன். சாமி அறைக் கதவோடு கதிரையை ஒட்டிக்கொண்டு, காதை வைத்தபடி இருக்கிறார்.

"உள்ளுக்கை ஆரோ தட்டுகினம்."

"உங்களுக்கு விசரே? பூட்டின அறைக்குள்ளை ஆர் தட்டுறது?"

"காதை வைச்சுக் கேளும்."

வைத்தேன். டொக், டொக், டொக். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பூட்டிக் கிடக்கிற சாமி அறை, உள்ளே பிள்ளையாரும் முருகனும், வெளியே வேதக்காரி நான். என்ன நினைக்கிறது? இவர் சிரித்தார். எவ்வளவு நாளைக்குப் பிறகு சிரிக்கிறார்.

"பயப்பிடாதையும். மேசனை நிப்பாட்டச் சொல்லும்."

யன்னலால் கத்தினேன். இடிப்பு நின்றது. தட்டுகிற சத்தமும் நின்றது. திரும்ப இடிக்கச் சொன்னார். திரும்பத் தட்டியது. குளியலறைப் பக்கமிருந்து கம்பியை விட்டு இடித்தும் பார்த்தோம். அதே இடம். வாழ்நாள் முழுக்க, ஓடுகிற பஸ்ஸில் எந்த மூலையில் எந்த நட்டு ஆடுகிறதென்று காதால் பிடித்த மனிசன். "நிலத்துக்குக் கீழை, கதவிலையிருந்து கொஞ்சம் உள்ளுக்கை. உதிலைதான் அடைப்பு" என்றார்.

அப்போதுதான் விளங்கியது. குளியலறையிலிருந்து வருகிற பழைய மண்குழாய் அந்த மூலையில் திரும்பிக் குழிக்குப் போகிறது. திரும்புகிற இடத்தில், திறந்து துப்புரவாக்க ஒரு சின்னத் தொட்டி இருந்திருக்கவேண்டும். அதற்கு மேலே நிலம் போட்டுச் சாமி அறையைக் கட்டிவிட்டார்கள்.

இதை நான் எப்படிச் சொல்வது? சுற்றி வளைத்துச் சொல்லத் தெரிந்தவள் சொல்லியிருப்பாள். நான் ஃபோனை எடுத்து, "தங்கச்சி, உங்கடை சாமி அறைக்குக் கீழை கக்கூஸ் பைப் போகுது, நிலத்தை உடைக்கவேணும், திறப்பை அனுப்புங்கோ" என்றேன்.

அங்காலே வெடித்தது.

"உங்களுக்குச் சொல்ல வாய் கூசேல்லையே? எங்கடை அப்பா வெள்ளிக்கிழமை தவறாமல் விரதம் பிடிச்ச மனிசன். அவர் சாமியைக் கொண்டுபோய் உதுக்கு மேலை வைப்பாரோ? அறையைத் திறக்கிறதுக்கு உங்களுக்கு வேறை சாட்டுக் கிடைக்கேல்லையோ?"

"உங்கடை அறைக்குள்ளை எனக்கு என்ன கிடக்கு? என்ரை மனிசன் செத்துக்கொண்டிருக்கிறார்! உங்களுக்கு உங்கடை அறைதான் பெரிசு!"

இன்னும் சொன்னேன். மாத முடிவில் வீட்டை விடுகிறோம் என்றும் சொன்னேன். ஃபோனை வைத்த பிறகு இவர், "எங்கை போறதாய் உத்தேசம்?" என்று கேட்டார்.

மாதம் முடிவதற்குள் அவரே வந்துவிட்டார். ஆவணியில் கோயில் திருவிழாவுக்கு வெளிநாட்டுச் சனம் வந்து இறங்குமே, அந்தக் கூட்டத்தோடு. சொந்தக்காரர் வீட்டில் தங்கிக்கொண்டு ஒரு காலை ஓட்டோவில் வந்து இறங்கினார். பட்டுச் சேலை, பூ, கையில் திறப்பு. என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. நானும் வாங்கோ என்ற ஒரு சொல்லோடு சரி. நேரே போய்ச் சாமி அறையைத் திறந்து, தூசு தட்டி, விளக்கேற்றினார். நான் பாழாய்ப்போன மரியாதைக்காகத் தேத்தண்ணீர் போட்டேன். எங்கள் வீட்டுக்கு ஒருவர் வந்து வாய் நனைக்காமல் போனார் என்று இருக்கக்கூடாது.

அன்றைக்கும் அடைத்துத்தான் கிடந்தது. வீட்டுக்காரி வெளியே வந்து குளியலறைப் பக்கம் போனார், எட்டிப் பார்த்தார், திரும்பி வந்து ஹோல் கதிரையில் இருந்தார். நான் மூன்று பேருக்கும் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். இவர் கோப்பையைத் தொடவில்லை.

"குடியுங்கோ அண்ணை, ஆறப்போகுது" என்றார் வீட்டுக்காரி.

"வேண்டாம் தங்கச்சி."

"ஏன், தேத்தண்ணி குடிக்கிறேல்லையோ?"

இவர் என்னைப் பார்த்தார். பிறகு தன் மடியைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"குடிச்சால் போகவேணும். போறதெண்டால் இவதான் எல்லாம் பிடிக்கவேணும். அதாலை நான் குடிக்கிறேல்லை."

எனக்கு வாய்க்குள் பத்து வசனம் தயாராக இருந்தது. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டேன். கோப்பையைக் கையில் பிடித்தபடி அப்படியே இருந்தார். கண்ணிலிருந்து நீர் ஓடுகிறது, துடைக்கவில்லை.

"அப்பாவும் கடைசியிலை தண்ணி குடிக்கேல்லை" என்றார். "அம்மா செத்தாப் பிறகு இஞ்சை தனிய, பாக்கிறதுக்கு ஒரு ஆளோடை இருந்தவர். அந்தாள் சொல்லும், ஐயா தண்ணி குடிக்கிறாரில்லை, கிட்னி பழுதாகுது எண்டு. நான் ஒவ்வொரு நாளும் ஃபோன் எடுத்துப் பேசுவன். குழந்தைப்பிள்ளை மாதிரி அடம் பிடிக்காதேங்கோ அப்பா எண்டு. ஏன் குடிக்கிறேல்லை எண்டு ஒருநாளும் கேக்கேல்லை அக்கா. கக்கூஸ் அடைக்குது எண்டும் சொன்னவை. ஆளைக் கூப்பிட்டுப் பாருங்கோ எண்டு சொல்லிப்போட்டு இருந்திட்டன்."

எங்கடை காலத்திலை அடைக்கேல்லை என்று என்னிடம் சண்டை பிடித்தவர் இவர்தான். நான் அதை ஞாபகப்படுத்தவில்லை. எழும்பிப்போய் அவருடைய முதுகில் கை வைத்தேன்.

அவர் எழும்பி முகத்தைக் கழுவிவிட்டு, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். "வாங்கோ அக்கா, சாமியை வெளியிலை எடுப்பம்" என்றார்.

"நான் தொடலாமோ?"

"ஏன், கை அழுக்கோ?"

அப்படித்தான் பிள்ளையாரும் முருகனும் லட்சுமியும் என் ஹோலுக்கு வந்தார்கள். வைக்க வேறு மேசை இல்லை. தையல் மெஷினின் மேல் வெள்ளைத் துணி விரித்து அதில் வைத்தோம். சுவரில் எங்கள் வேதவசனக் கலண்டர், கீழே அவருடைய சாமிகள். வேலை முடியும் வரைக்கும் ஒரு பிளவுஸும் தைக்கவில்லை. மச்சமும் சமைக்கவில்லை. யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் விட்டேன். மயிலிட்டியிலிருந்து நல்ல விளைமீன் கொண்டுவந்தவரையும் திருப்பி அனுப்பினேன். இவர் கத்தரிக்காயைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். ஒருநாள் எங்கள் போதகர் விசாரிக்க வந்து, ஹோலுக்குள் கால் வைத்ததும் திகைத்து நின்றார். "இவையும் இப்ப எங்களோடை வாடகைக்கு இருக்கினம் ஐயா, வந்து இருங்கோ" என்றேன். மனிசன் நல்லவர். சிரித்துவிட்டு, பிள்ளையாருக்குப் பக்கத்திலேயே இருந்து ஜெபம் பண்ணிவிட்டுப் போனார்.

நிலத்தை உடைத்தபோது வீட்டுக்காரி பக்கத்திலேயே நின்றார். மேல் சீமெந்தை எடுத்ததும் கீழே ஒரு பலகைக் கல். அதைக் கிளப்பினால் தொட்டி. இவர் சொன்ன இடம், ஒரு சாண்கூடப் பிசகில்லை. அறை கட்டின காலத்து மணலும் கல்லும் பாதிக்கு நிரம்பிக் கிடந்தன. மண்குழாயின் மூட்டு வெடித்து, வேலியோர வேம்பின் வேர் உள்ளே புகுந்து சடையாகத் தொங்கியது. அந்தச் சடையில்தான் எல்லாம் சிக்கியிருந்தது. எங்கள் அரப்பும் எண்ணெயும் மட்டுமல்ல, எங்களுக்கு முதல் இருந்தவர்களுடையதும்தான். நாற்றத்தைச் சொல்லவேண்டியதில்லை. ஊதுபத்தி கொளுத்திக்கொண்டு வந்தார் அவர். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார்.

"அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றார் பிறகு. "சாத்திரியார் இந்த மூலைதான் சாமி அறைக்குச் சரி எண்டு சொன்னவர். கீழை உது கிடக்கெண்டு சொன்னால் அம்மா இதுக்குள்ளை விளக்கு வைச்சிருக்கமாட்டா. அம்மாவுக்காக வாயைத் திறக்காமல் விட்டிட்டார். பேந்து தான் கஷ்டப்படேக்கையும் திறக்கேல்லை."

பழைய குழாயை அப்படியே அடைத்துவிட்டோம். புதுப் பைப்பை வீட்டுக்கு வெளியே, சுவரோரமாகச் சுற்றிக் கொண்டுபோனோம். மூலையில் ஒரேயடியாக முறிக்காமல் ஆறுதலாக வளைத்து, திரும்புகிற இடங்களில் மூடி போட்ட தொட்டி வைத்தோம். மூடியை ஆரும் தூக்கலாம். வேம்புப் பக்கம் போகவேயில்லை. இப்போதும் மாத முடிவில் மூடியைத் தூக்கிப் பார்ப்பது இவருடைய வேலை. கதிரையில் இருந்தபடி கொழுக்கித் தடியால் கிளப்பி, உள்ளே வாளித் தண்ணீரை ஒரேயடியாக ஊற்றி, ஓடுகிற வேகத்தைப் பார்த்துத் தலையை ஆட்டுவார். வீட்டுக்கு வருகிற விருந்தாட்களைக் குளியலறைக்கு விடுமுன், அதற்குள் என்ன போடக்கூடாது என்று ஒரு பிரசங்கம் வேறு. வெட்கக்கேடு. ஆனால் அதற்குப் பிறகு ஒரு தரமும் அடைக்கவில்லை.

அந்த வருஷம் எங்கள் சபையில் நன்றி செலுத்துகிற ஆராதனையில் ஒவ்வொருவரும் எழும்பிச் சாட்சி சொன்னார்கள். மகனுக்கு வேலை கிடைத்தது, மகளுக்கு விசா வந்தது. என் முறை வந்தது. "எங்கடை கக்கூஸ் ஓடுது, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். பிறகு, தன்ரை சாமியளை எடுத்து வைச்சு நிலத்தை உடைக்க விட்ட ஒரு சைவப் பிள்ளைக்கும் ஸ்தோத்திரம்" என்றேன். பின்வாங்கில் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அன்றைக்கு அந்தச் சபையில் என்னைவிட உண்மையாக ஒருவரும் நன்றி சொல்லவில்லை என்று இப்போதும் சொல்வேன்.

வேலை முடிந்த நாளை மட்டும் சொல்லிவிடுகிறேன். சாமி அறைக்குப் புது நிலம் போட்டு, மஞ்சள் தண்ணீர் தெளித்து, சாமிகள் திரும்பப் போயாயிற்று. வீட்டுக்காரிக்கு இரண்டொரு நாளில் பிளேன். மேசன் கையைக் கழுவிக்கொண்டு, "இனிப் பாவிக்கலாம்" என்றார். முதல் ஆர் போவது என்று நாங்கள் ஆளையாள் பார்த்தோம்.

"அண்ணை போகட்டும்" என்றார் வீட்டுக்காரி.

இவருக்கு வெட்கம். "நீங்கள் எல்லாரும் இதிலை நிண்டால் நான் எப்பிடிப் போறது? அங்காலை போங்கோ!"

போனோம். தாழ்ப்பாள் விழுந்தது. நாங்கள் இரண்டு பேரும் வெளியே, கடைசித் தொட்டியின் மூடியைத் தூக்கி வைத்துக்கொண்டு, கோயிலில் தீபம் பார்க்க நிற்கிற மாதிரிக் குனிந்து நின்றோம். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு தண்ணீர் ஓடி வந்தது. தடக்கு இல்லாமல், ஒரே ஓட்டமாக வந்து திரும்பிக் குழிக்குள் போயிற்று. வீட்டுக்காரி என் கையை இறுக்கிப் பிடித்தார்.

உள்ளே வந்தோம். கதவு திறந்து இவர் கதிரையை உருட்டிக்கொண்டு வெளியே வந்தார். முகம் கழுவி, தலையைத் தண்ணீர் தொட்டு வாரியிருந்தார். ஆரையும் பார்க்காமல், "தங்கச்சி, குடிக்கத் தண்ணி கொஞ்சம் தாங்கோ" என்றார். என்னிடம் கேட்கவில்லை, அவரிடம் கேட்டார்.

வீட்டுக்காரி செம்பு நிறையக் கொண்டுவந்து கொடுத்தார். இவர் அண்ணாந்து, மூச்சு விடாமல் கடகடவென்று குடித்தார். தண்ணீர் கழுத்தால் வழிந்து சேர்ட்டை நனைத்தது. வெறும் செம்பை நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் தாறியளோ?"

செம்பை வாங்கிக்கொண்டு அவர் குசினிக்குள் போனார். உள்ளே வாயைப் பொத்திக்கொண்டு, "அப்பா, அப்பா" என்று அழுகிற சத்தம் கேட்டது. தண்ணீர் வர நேரமெடுத்தது. இவர் கையை நீட்டியபடி, வரும்வரைக்கும் காத்திருந்தார்.